நுரைப்பூவுக்கு மாப்பிள்ளை தேடிய இரும்புக்கடை அண்ணாச்சி

"ஆசீர்வாதம் வாசலுக்கு உலகம் வரும், வே. ஆசீர்வாதம் இன்னொருத்தன் வாசல்ல போயி நின்னான்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். என் எடை மேடையில என்னையே ஏத்தி, பழைய இரும்பு வெலைக்குத் தூக்கிக் குடுத்துருதேன்!"

சாத்தாங்காடு இரும்புச் சந்தை வியாபாரிகளின் ஆண்டு விழா மேடையில், கழுத்தில் பொன்னாடையும் கையில் மைக்குமாக நின்று ஆசீர்வாதம் அண்ணாச்சி உதிர்த்த பொன்மொழி இது. கைதட்டல் எண்ணூர் விரைவுச் சாலை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். பிரியாணி அண்டாவைத் திறந்த நேரம் பார்த்துத்தான் எல்லாரும் தட்டினார்கள் என்று பக்கத்துக் கடை லியாகத் அலி கிளப்பிவிட்ட வதந்தியை வரலாறு பொருட்படுத்தத் தேவையில்லை.

பொன்னாடை இரும்புக்காகப் போர்த்தப்பட்டதல்ல. பூவுக்காக.

அண்ணாச்சி நாசரேத்துக்குப் பக்கத்தில் பனங்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே சென்னைக்கு வந்து, சித்தப்பாவின் இரும்புக்கடையில் ஆங்கிள் தூக்கி, சேனல் தூக்கி, தோள்பட்டை காய்ப்புக் காய்த்த பிறகு சொந்தமாகக் கடை போட்டார். அவருடைய வியாபார வேதம் ஒரே வரி: மற்றவனிடம் இல்லாத சரக்கு நம்மிடம் இருக்க வேண்டும். எந்த ஆலையும் இப்போது உருட்டாத தடிமனில் பழைய தகடுகளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். என்றைக்காவது துறைமுகத்தில் ஒரு கிரேன் முடங்கும். அந்தத் தடிமனில் ஒரு துண்டு வேண்டும் என்று தலைக்கவசம் போட்ட இன்ஜினீயர்கள் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். அண்ணாச்சி உடனே எழுந்திருக்க மாட்டார். டீயைக் குடித்து முடிப்பார்.

பெண் பார்க்கக்கூட அவர் போனதில்லை என்பது குடும்ப வரலாறு. திருவொற்றியூரில் அவருடைய சித்தப்பா வீட்டுக்கே பெண்ணைக் கூட்டி வந்து காட்டினார்களாம். தான் அன்றைக்குப் பல் பிடுங்க டாக்டரிடம் வந்திருந்ததாகவும், வீங்கிய கன்னத்தோடு நின்ற தன்னை யாரோ ஒருவர் முறைத்துப் பார்த்ததாகவும் அவர் மனைவி ஹில்டா சொல்வது வேறு வரலாறு.

இப்படிப்பட்ட மனிதருக்கும் பூவுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது ஒரு குட்டையால்.

சந்தைக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம், மழைத்தண்ணீர் தேங்கும் குட்டை ஒன்று இருந்தது. கண்டெய்னர் லாரி டிரைவர்கள் கால் கழுவும் குட்டை. அதில் உள்ளங்கை அகல இலைகளும், ஓரமெல்லாம் நார் நாராகக் கிழித்துவிட்டது போன்ற சின்ன வெள்ளைப் பூக்களும் மிதந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தில் அதற்கு நுரைப்பூ என்று பெயர். காலையில் விரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் சுருண்டு தண்ணீருக்குள் போய்விடும்.

ஒருநாள் மோகனப்ரியா என்ற பெண் முழங்கால் வரை சேற்றோடு கடைக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். எண்ணூர்க் குப்பத்தில் பிறந்து, தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள்.

"அந்தக் குட்டையில அப்படி என்ன இருக்கும்மா?"

"நுரைப்பூ அண்ணாச்சி. இந்தக் கடலோரம் பூரா சுத்திட்டேன். முன்ன நாலஞ்சு எடத்துல இருந்துச்சாம், எல்லாத்தையும் மண்ணு கொட்டி மூடிட்டாங்க. இப்ப எனக்குத் தெரிஞ்சு இங்க மட்டும்தான்."

இங்க மட்டும்தான்! அண்ணாச்சியின் காதில் தேன் அல்ல, துறைமுகத்துக் கிரேன் முடங்கிய சத்தமே பாய்ந்தது. மற்றவனிடம் இல்லாத சரக்கு, இத்தனை வருடம் கடைக்குப் பின்னாலேயே மிதந்திருக்கிறது.

அடுத்த கோடையில் குட்டைக்கும் முறை வந்தது. யாரோ கிடங்கு கட்டுகிறார்களாம். லாரி லாரியாக மண் வந்து கொட்டியது. அண்ணாச்சி கடை ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கேஸ் கட்டிங்கில் பாதியாக அறுத்த இரும்பு டிரம்களோடு ஓடினார். தன் பக்கத்துக் கரையில் செழிப்பாக இருந்த ஒரு பெரிய கொத்தை வேரோடு தூக்கினார். நிமிர்ந்து பார்த்தால், எதிர்க்கரையில் ஒரு பெண்மணி இடுப்பளவு தண்ணீரில் நின்று, நுரைப்பூவைக் கை கையாக அள்ளித் தெர்மகோல் மீன்பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

குணசுந்தரி. எண்ணூரில் நண்டு விற்பவள். நண்டுக் கூடையை நுரைப்பூ இலையால் மூடினால் வெயிலில் கொண்டுபோனாலும் நண்டு மாலைவரை துள்ளும் என்பது அவள் தொழில் நுட்பம். வாரத்துக்கு ஒருதரம் வந்து இலை பறித்துப் போவது வழக்கம்.

"ஏம்மா! நீங்க இலையப் பறிச்சுப் பறிச்சுத்தான் இந்தச் செடியே அழிஞ்சுபோச்சு! திருடுனது போதாதா?"

குணசுந்தரி எதிரில் கவிழ்ந்துகொண்டிருந்த மண் லாரியைப் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"அந்த லாரிக்காரன் உன் கண்ணுக்குத் தெர்ல, என் கூடைதான் தெரியுதா? திருடின்னு எவளப் பாத்து சொல்ற? உன் செடி உன்னோட, என் செடி என்னோட. என் வூட்டாண்ட எதுக்கும் வந்துடாத, ஆமா!"

"வாறதா? நான் எவன் வீட்டுக்கும் போறவன் இல்ல, பாத்துக்க!"

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் படம் பிடிக்க வந்த நிருபரிடம், நண்டுக்காரிகளால் அழிந்த செடியைத் தனி ஒருவனாகக் காப்பாற்றியதாக அண்ணாச்சி அறிக்கையே விட்டார். செய்தி வந்த பக்கத்திலேயே அடுத்த வாரம் குணசுந்தரி யாருக்கோ நண்டு மடித்துக் கொடுத்தாளாம்.

நுரைப்பூ சமர்த்தான செடி. ஒரு இலையைக் காம்போடு கிள்ளி ஈரச்சேற்றில் போட்டால் வேர்விட்டுவிடும். அண்ணாச்சிக்கு இது நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் இரும்பிலும் அப்படித்தான். ஒரு தகட்டை வெட்டினால் இரண்டு. இரண்டை வெட்டினால் நான்கு. கொண்டுவந்த ஒற்றைக் கொத்தை அவர் வெட்டினார், வெட்டியதை வெட்டினார், அதையும் வெட்டினார். ஒரு வருடத்தில் கடை முற்றம், மொட்டை மாடி, மாடிப்படி, ஹில்டா துணி துவைக்கும் கல், எங்கே பார்த்தாலும் அறுத்த டிரம். ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். கல்லூரிப் பிள்ளைகள் வேன் வைத்து வந்தார்கள். அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்து காட்டினார்.

அப்புறம்தான் அந்தப் பொன்னாடையும் அந்தப் பொன்மொழியும்.

ஆண்டு விழா முடிந்து இரண்டு மாதத்தில் மழை பிடித்தது. சாத்தாங்காட்டில் மழை பிடித்தால் ஆயில், கிரீஸ், துரு, சாக்கடை எல்லாம் சமத்துவமாகக் கலந்து ஒரே தண்ணீராக நிற்கும். அந்தத் தண்ணீர் முற்றத்து டிரம்களுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வடிந்தது. வடிந்த சில நாளில், முன்வரிசை டிரம் ஒன்றில் ஒரு இலையின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி.

அண்ணாச்சி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை. அந்த இலையைக் கிள்ளி எறிந்தார். மறுநாள் நான்கு இலையில் புள்ளி. அதற்கு மறுநாள் டிரம்மே கொழகொழவென்று கறுத்து, செத்த எலி வாசனை வந்தது.

அன்றிலிருந்து வடசென்னையின் தலைசிறந்த ஸ்டாக்கிஸ்ட்டுக்குத் தூக்கம் போயிற்று. விடிவதற்குள் டார்ச் அடித்து இலைக்கு அடியில் பார்ப்பார். நல்ல டிரம்களைக் கிரேன் வைத்துத் தூக்கி மொட்டை மாடிக்கு ஏற்றினார். மாடியிலும் புள்ளி வந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார், வேப்பெண்ணெய் தெளித்தார், செங்குன்றம் நர்சரியில் சொன்ன மருந்தைத் தெளித்தார். அருணோதய ஜெபத்தில் உற்றார் உறவினர் பெயர்களுக்கு முன்னால் டிரம் நம்பர்களைச் சொல்லி ஜெபித்தார். பன்னிரண்டு எம்எம் கம்பி கேட்ட ஆளுக்கு எட்டு எம்எம் ஏற்றி அனுப்பினார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, தட்டில் இருந்த கருவேப்பிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளி இல்ல, சாப்பிடுங்க" என்றார் ஹில்டா.

அவரை மிகவும் பயமுறுத்தியது நோய் போன வேகம் அல்ல, அதன் ஒழுங்கு. இரும்பில் நல்ல சரக்கு, மட்ட சரக்கு என்று இருக்கும். ஒன்று துருப்பிடித்தால் ஒன்று தாக்குப்பிடிக்கும். இங்கே ஒரு டிரம்மாவது முரண்டு பிடிக்க வேண்டாமா? எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நாள் கணக்கில், ஒரே இடத்தில் புள்ளி விட்டு, ஒரே மாதிரி செத்தன.

பதில் மோகனப்ரியாவிடமிருந்து வந்தது. டிரம்முக்கு ஒரு இலை வீதம் வாங்கிக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தாள். வந்தவள் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"அண்ணாச்சி, கோச்சுக்காதீங்க. நீங்க வளர்த்தது நூறு செடி இல்ல. ஒரே செடி."

"ஒரே சாதிச் செடிதான். அதுக்கென்ன?"

"சாதி இல்ல. ஒரே செடி. ஒரே ஆளு நூறு நாற்காலியில உக்காந்துகிட்டு இருக்குற மாதிரி. எல்லாத்துக்கும் ஒரே ரத்தம். ஒண்ணுக்கு வந்த சீக்கு எல்லாத்துக்கும் வரும். எதுத்து நிக்க அதுல வேற ஆளே இல்ல."

அண்ணாச்சி மிச்சமிருந்த டிரம்களை எண்ணினார்.

"அப்ப வெத எடுத்துப் போடுவோம். வெதையில வேற வேற வருமில்லா?"

"வெதை பாத்திருக்கீங்களா இதுவரைக்கும்?"

இல்லை. ஒன்றரை வருடமாக நூறு டிரம்மிலும் பூத்த பூவெல்லாம் ஒன்றுவிடாமல் சுருண்டு அழுகியதைத்தான் பார்த்திருந்தார். அவர் விதையை எதிர்பார்த்ததே இல்லை. தகடு விதை போடுவதில்லை அல்லவா?

"இதுல ஆண் செடி வேற, பெண் செடி வேற அண்ணாச்சி. உங்ககிட்ட இருக்கிறது பெண்ணு. பூரா பெண்ணு."

பனங்காட்டில் பிறந்த மனிதர் அப்படியே தகட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆண் பனையான அலகு காய்க்காது, பெண் பனையான பருவம்தான் காய்க்கும், ஆனால் அலகு இல்லாத காட்டில் பருவமும் காய்க்காது என்று ஐந்து வயதில் தெரிந்த விஷயம். சென்னைக்கு வந்து, ஆங்கிள் தூக்கி, சேனல் தூக்கி, அதைத் தூக்கி எங்கேயோ போட்டுவிட்டிருந்தார்.

"ஆண் செடி எங்கன இருக்கு?"

"எதிர்க்கரையில இருந்துச்சு. குணசுந்தரி அத்தை வாரிக்கினு போச்சே, அது. பெட்டி பூரா ஆண் பூவு, போன வாரம் அது வூட்ல பாத்தேன். தை மாசத்தோட பூ நின்னுடும் அண்ணாச்சி. அதுக்குள்ள மகரந்தம் பட்டு வெதை புடிச்சுதுன்னா, அது சேத்துல தூங்கும், சீக்கு ஒண்ணும் பண்ணாது. இல்லன்னா…"

"நீயே போயி ஒரு கொத்து வாங்கிட்டு வா தாயி. உனக்கு அத்தைதான?"

"கேட்டேனே! கேட்ட வாயிலயே வாங்கிக் கட்டிக்கினேன். 'திருடின்னு சொன்ன வாயி வந்து கேக்கட்டும்'ன்னு சொல்லிடுச்சு."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அண்ணாச்சி சாஸ்திரத்தை எடுத்தார்.

"நம்ம பக்கம் பொண்ணு. ஒலகத்துல எங்கயாவது பொண்ணு வீட்டுக்காரன் மொதல்ல போயி மாப்ள வீட்டு வாசல்ல நின்னிருக்கானா? அவியதான் வரணும். அவிய வந்தா மரியாத. நாம போனா பொண்ணுக்கு என்ன கொறையோன்னு நெனைப்பாவ."

"அது செடி அண்ணாச்சி" என்றாள் மோகனப்ரியா.

"செடின்னா முறை இல்லையா?"

முறைப்படி, மாப்பிள்ளை வீட்டார் தாமாக வருவதற்கு வசதியாக எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பிளெக்ஸ் வைத்தார். நுரைப்பூவின் பெரிய படம். கீழே, "ஆண் செடி வைத்திருப்போர் நேரில் வரவும். தக்க மரியாதை செய்யப்படும்." மூலையில் பொன்னாடையோடு அண்ணாச்சி.

"இன்னா அண்ணாச்சி, செடிக்கு மேட்ரிமோனியா?" என்றார் லியாகத் அலி, கேஸ் கட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "பொண்ணுக்கு இன்னா வயசு? நகை எவ்ளோ?"

"நீரு ஒம்ம கட்டிங்கப் பாரும், வே."

வரன்கள் வந்தன. ஒருவர் மூட்டை நிறைய ஆகாயத் தாமரை கொண்டுவந்தார். ஒருவர் வல்லாரை. புளியந்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்த ஒரு பெரியவர் பிளாஸ்டிக் தாமரையை நீட்டி, இது வாடவே வாடாது, ஆண் செடிதான் என்று சத்தியம் செய்தார். ஒவ்வொரு முறை வாசலில் ஆட்டோ நின்றபோதும் அண்ணாச்சி பதறி எழுந்தார். டீ நடுவிலேயே ஆறியது. ஒவ்வொரு முறையும் ஏமாந்து உட்கார்ந்தபோது, பின்னால் ஒரு டிரம் குறைந்திருந்தது. குப்பத்திலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அந்தப் பிளெக்ஸுக்குக் கீழேதான் குணசுந்தரி தினமும் நண்டுக் கூடையோடு பஸ் ஏறினாள்.

தை பாதி போனது. மொட்டை மாடி காலியாயிற்று. மாடிப்படி காலியாயிற்று. ஒரு காலையில் ஹில்டா துணி துவைக்கப் போய், கல்லில் நிறைய இடம் இருப்பதைப் பார்த்துவிட்டு, துவைக்காமல் திரும்பி வந்தார்.

"இனி ஒரே ஒரு டிரம்தான். அதுலயும் நேத்து ஒரு புள்ளி."

"கிள்ளிட்டேன்."

"நாளைக்கு நாலாவும். அதையும் கிள்ளுவிய. அப்புறம் அந்தப் பொன்னாடைய எடுத்து அதுக்குப் போத்திரலாம். நம்ம முறைப்படி."

அண்ணாச்சி டிரம் ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். ஏழெட்டு மொட்டுகள் அன்றைக்கு விரியும் பக்குவத்தில் தலை தூக்கியிருந்தன. எல்லாம் பெண். எல்லாம் மத்தியானத்துக்குள் சுருளும். நாளைக்கு மொட்டு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

நீல வாளியில் சேற்றோடு அந்தச் செடியை அள்ளி வைத்தார். மோகனப்ரியா கொடுத்திருந்த மெல்லிய பெயிண்ட் பிரஷைச் சட்டைப் பையில் செருகினார். கார் பள்ளத்தில் குதித்தால் பூ உதிரும் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஷேர் ஆட்டோ பள்ளத்தில் குதிக்காது என்று அவருக்கு யார் சொன்னதோ. எண்ணூர் வரை இரண்டு கையாலும் வாளியை மடியில் கட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் இருந்த பெண், "தண்ணி சிந்துது பாரு, இன்னா மீனு அது?" என்று எட்டிப் பார்த்து, பூவைக் கண்டதும் பரிதாபமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

குணசுந்தரி வீடு பூட்டியிருந்தது.

"அக்கா ஏலத்துக்குப் போயிருக்குது நைனா. இப்ப வந்துடும்" என்றான் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவன். "உக்காரு."

"இல்ல, நிக்குதேன்."

நின்றார். வெயில் ஏறியது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தெர்மகோல் பெட்டி, அதன்மேல் ஈரச் சாக்கு. சாக்கின் ஓரத்தில் ஒரு இலை எட்டிப் பார்த்தது, புள்ளி இல்லாமல். தூக்கிப் பார்க்கக் கை துடித்தது. திருடன் என்று சொல்லிவிட்டால்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாளிக்குள் பூக்களின் ஓரம் லேசாகச் சுருள ஆரம்பித்தது. தன் நிழலை வாளிமேல் விழும்படி நகர்ந்து நின்றார். நிழல் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு பூ மூடியது. இன்னொன்று மூடியது.

குணசுந்தரி தலையில் கூடையோடு சந்துக்குள் திரும்பியவள், நின்றாள். கூடையை இறக்கினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா, பேப்பர்காரன இட்டாரலியா? தனியா வந்துகினு கீற?"

"அம்மா, பூ மூடிரும்…"

"மூடட்டும். எனக்கு இன்னா? திருடி வூட்ல திருட்டு செடிதான் இருக்கும். அது உனக்கு இன்னாத்துக்கு?"

"சொன்னது தப்பு." குரல் அவருக்கே கேட்கவில்லை. வலைக்காரன் ஊசியை நிறுத்திக் காதைக் கொடுத்தான். "சொன்னது தப்புதான்ம்மா. பேப்பர்ல போட்டதும் தப்பு. இது கடைசி. இது போச்சுன்னா இல்ல. ஒரு ஆம்பளப் பூ குடுத்தாப் போதும்."

"ஆம்பளையா?" குணசுந்தரி சாக்கை விலக்கிப் பெட்டிக்குள் பார்த்தாள். "ஓகோ! அதான் ஒரு வேலையும் செய்யாம காலைலேந்து மெதந்துகினே கீதா! நான்கூட சொகமில்லியோன்னு பேஜாரா இருந்தேன்."

வலைக்காரன் சிரித்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிந்த பூ மூன்று இருந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு பூவைக் காம்போடு கிள்ளி நீட்டினாள். "புடி. இன்னாத்துக்கு இப்டி அவசரப்படற? மீன் ஏலத்துல மொத தடவ கூவுறவன் மாரி."

பிரஷால் ஆண் பூவைத் தொட்டார். மஞ்சள் பொடி ஒட்டியதா இல்லையா தெரியவில்லை. முதல் பூ தொடுவதற்குள் மூடிக்கொண்டது. இரண்டாவதில் தடவினார். மூன்றாவது பாதி சுருண்டிருந்தது. அவசரத்தில் பிரஷ் நழுவிச் சேற்றில் விழுந்தது. குணசுந்தரி ஆண் பூவை அவர் கையிலிருந்து பிடுங்கி, அப்படியே கவிழ்த்து, மூடப்போன பூவின் வாய்க்குள் தேய்த்தாள்.

"அவ்ளோதான? இதுக்கு ஒரு பிரஷ்ஷு வேற."

வாளியைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்றும் அவள்தான் சொன்னாள். "உன் கட கலீஜ் தண்ணி. அங்க வெச்சா செத்துடும். இங்கியே இருக்கட்டும், நிழல் கீது. தெனிக்கும் காலைல வந்து உன் பொண்ண நீயே பாத்துக்க."

தினமும் காலையில் போனார். அவள் ஏலத்திலிருந்து திரும்பும்வரை வாசலில் காத்திருந்து, ஒவ்வொரு நாளும் கேட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு பூ வாங்கினார். புள்ளி வந்தது. கிள்ளினார். மறுபடி வந்தது. இலைகள் குறைந்துகொண்டே போயின. பூக்காம்பு ஒன்று மட்டும் அழுகாமல் வளைந்து தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மோகனப்ரியா வந்து தண்ணீருக்குள் விரல் விட்டுத் தடவி, "காய் அண்ணாச்சி" என்றாள். சுண்டைக்காயில் பாதி இருக்கும். தாய்ச்செடி அதற்குப் பத்து நாளில் கறுத்துப் போனது. காய் அதற்கு முன்பே வெடித்து, பொடி விதைகளைச் சேற்றில் இறக்கிவிட்டிருந்தது.

"ஆனா அண்ணாச்சி, இதுங்க எல்லாம் ஒரே அப்பன், ஒரே ஆத்தா. அண்ணன் தங்கச்சிங்க" என்று மோகனப்ரியா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "வேற ரத்தம் கலக்கலன்னா நாளைக்கு மறுபடியும்…"

"தெரியும்" என்றார் அண்ணாச்சி.

குணசுந்தரி நண்டின் காலைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "காட்டுப்பள்ளி ரோட்ல மதார் சாகிப்னு ஒரு பாய் பஞ்சர் கட வெச்சிகினு கீறாரு. டியூபு முக்கிப் பாக்குற தொட்டியாண்ட இன்னொரு தொட்டி, அதுலயும் இந்தப் பூவு கீது. அது அந்தப் பக்கத்து கொளத்துது, நம்மளுது இல்ல. ஆனா அவுரு லேசுல பேச மாட்டாரு. சிடுமூஞ்சி."

மறுநாள் காலை மதார் சாகிப் ஒரு கண்டெய்னர் லாரியின் பின்சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கையில் வெற்று வாளியோடு ஒரு பெரிய மனிதர் கடை முன்னால் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"இன்னா வோணும்?" என்றார் மதார் சாகிப், திரும்பாமலே.

"ஒரு கொத்துச் செடி கேட்டு வந்தேன், பாய்."

"பாத்தா தெர்ல? வேல நடக்குது."

"நீங்க முடிங்க" என்றார் ஆசீர்வாதம். "நான் நிக்குதேன்."